இன்னும் ஒரே ஒரு சீசன்: நாற்பத்தைந்து வயதுவரை ஆடிய ஒரு தடுப்பாட்டக்காரர்

2019 ஜூன் 6, இரவு. பாஸ்டன் நகரின் டிடி கார்டன் அரங்கில் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம் தொடங்கப் போகிறது. அறிவிப்பாளர் பெயர்களை வாசித்துக்கொண்டே வருகிறார். 33ஆம் எண்ணுக்கு வந்ததும் அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. அந்த எண்ணை அணிந்திருந்த பாஸ்டன் வீரரின் உயரம் 6 அடி 9 அங்குலம். ஸ்கேட் காலணியையும் சேர்த்தால் ஏழடி ஆள். முகம் முழுவதையும் மூடிய கவசம் போட்டிருந்தார். மூன்று நாட்களுக்கு முன் செயின்ட் லூயிஸில் எதிரணி வீரர் அடித்த பக் என்னும் கெட்டி ரப்பர் வட்டு, இவருடைய மட்டையிலேயே பட்டுத் தெறித்து வாயில் மோதியதில் தாடை எலும்பு முறிந்திருந்தது. பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்கு எழுத்தில்தான் பதில் கொடுத்தார். வயது 42.

அந்த வயதில் தாடை உடைந்தால் நம்மில் பலர் மருத்துவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்போம். அவர் ஆடினார். பாஸ்டன் அன்று 2-1 என்று தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் 5-1 என்று வென்றது, அதில் ஒரு கோல் இவருடையது. ஏழாவது ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையும் கைவிட்டுப் போனது. இதுதான் அவருடைய கடைசிப் பெரிய மேடை என்று பார்த்தவர்கள் பலரும் நினைத்திருப்பார்கள். ஒரு வகையில் அது சரிதான். ஆனால் அதன்பிறகும் அவர் மூன்று சீசன் ஆடினார்.

பெயர் ஸ்டேனோ சாரா. தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையின் பெயர்போல் இருக்கிறது. ஸ்லோவாக் மொழியில் அதைத் தொண்டையிலிருந்து, ஏறக்குறைய ‘ஹாரா’ என்று சொல்கிறார்கள். வட அமெரிக்க வர்ணனையாளர்கள் தங்கள் நாக்குக்கு வசதியாகச் ‘சாரா’ ஆக்கிவிட்டார்கள். என்ஹெச்எல் எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் 1,680 ஆட்டங்கள் ஆடியவர். தடுப்பாட்டக்காரர்களில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 2022 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு 45 வயது.

இப்படி ஒருவர் நீடித்து ஆடினால் உடனே உணவுமுறை, உடற்பயிற்சி என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். சாராவும் அதற்குத் தீனி போட்டவர்தான். நாற்பதை ஒட்டி இறைச்சியை விட்டுவிட்டுத் தாவர உணவுக்கு மாறினார். சைக்கிள் மிதிப்பதில் தீவிரம் காட்டினார். ஆனால் அந்த லீக்கில் இன்று யார்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள்? முப்பது வயதில் காணாமல் போனவர்களும் அதே பயிற்சிக்கூடத்தில் அதே எடையைத் தூக்கியவர்கள்தான். சாராவின் ஆயுளுக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவர் எந்த இடத்தில் ஆடினார் என்பது ஒன்று. தன்னிடமிருந்து எதையெல்லாம் பறித்தபோது பேசாமல் விட்டுக்கொடுத்தார் என்பது இன்னொன்று.

முதலில் இடம். ஐஸ் ஹாக்கி தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறலாம். ஒருவர் தளத்தில் முக்கால் நிமிடம்போல் உயிரைக் கொடுத்து ஆடுவார், பிறகு பலகையைத் தாண்டிக் குதித்துப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். தடுப்பாட்டக்காரர்கள் மூன்று ஜோடிகளாகப் பிரிந்து மாறி மாறி இறங்குவார்கள். முதல் ஜோடிக்கு இருபத்தைந்து நிமிடம் கிடைத்தால் மூன்றாம் ஜோடிக்குப் பதினைந்து கிடைப்பதே அபூர்வம். எனவே ஒரு வயதான வீரர் ‘இன்னும் ஆடுகிறார்’ என்று யாராவது சொன்னால், எத்தனை நிமிடம், எதிரணியின் எந்த வரிசைக்கு எதிராக என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

முன்கள வீரரின் வேலை இல்லாத வழியை உண்டாக்குவது. அதற்கு வேகம் வேண்டும், திடீரென்று திசை மாற்றும் கால்கள் வேண்டும். தடுப்பாட்டக்காரருக்கோ ஆட்டம் முழுவதும் கண் முன்னால் நடக்கிறது. அவர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, எதிரே வருகிறவனைப் பார்த்தபடி போகிறார். பக்கைப் பறிக்கவேண்டிய அவசரம்கூட அவருக்கு இல்லை. நடுவழியை அடைத்து, வருகிறவனைப் பலகைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும், சுவர் பாதி வேலையை முடித்துவிடும். கபடியில் அனுபவப்பட்ட மூலை ஆட்டக்காரர், பாடி வருகிறவன் காலை நீட்டும்வரை அசையாமல் நிற்பாரே, கிட்டத்தட்ட அந்தப் பொறுமை. இது இருபது வயதில் வருவதில்லை. இருநூறு முந்நூறு ஆட்டம் ஆடினால்தான் ஒரு தடுப்பாட்டக்காரர் யார் என்பதே தெரியும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் அதனால்தான்.

ஆனால் இந்த இடத்திலும் வயதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கணம் உண்டு. எதிரணி பக்கைத் தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால், தளத்தின் கடைசி மூலைக்குத் தள்ளிவிடும். அதுவரை பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தவர் இப்போது இடுப்பைத் திருப்பி முன்னோக்கி ஓடவேண்டும். பக்கை முதலில் எட்டவேண்டும். எட்டும்போது முதுகு ஆட்டத்துக்கும் முகம் சுவருக்குமாக இருக்கும். பின்னால் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் முழு வேகத்தில் மோதுவதற்கென்றே வந்துகொண்டிருப்பான். அந்தத் திரும்புதலில் அரை நொடி தாமதித்தால் பக் போய்விடும், தோளும் போய்விடும். முதிய தடுப்பாட்டக்காரரைப் பற்றி அணி நிர்வாகம் முடிவெடுப்பது கோல் கணக்கைப் பார்த்து அல்ல. இந்தத் திரும்புதலைப் பார்த்துத்தான்.

சாரா ஒருபோதும் வேகத்தை நம்பி வாழ்ந்தவர் இல்லை. அது அவருக்கு வாய்க்கவே இல்லை. 1977இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ட்ரென்சீன் ஊரில் பிறந்தார். ஐஸ் ஹாக்கி வீரர்களை விளைவிக்கும் ஊர் அது. மரியான் ஹோசாவும் மரியான் காபோரிக்கும் அங்கே வளர்ந்தவர்கள்தான். தந்தை ஸ்டேனெக் சாரா கிரேக்க-ரோமானிய மல்யுத்த வீரர், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். மல்யுத்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உடற்பயிற்சி பல் தேய்ப்பதுபோல. ஆனால் ஊரில் இருந்த பயிற்சியாளர்களின் கண்ணுக்கு அவர் ஒரு தொல்லையாகத்தான் பட்டார். இவ்வளவு உயரம் சறுக்குக்கு ஆகாது, கூடைப்பந்துக்குப் போ என்றார்கள். லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசைமுறையில் எடுத்துக்கொள்ளும் தேர்வில், 1996இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி மூன்றாவது சுற்றில், 56ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் இளையோர் லீக்கில் ஓராண்டு ஆடிவிட்டு, 1997 நவம்பரில் என்ஹெச்எல்லில் காலடி வைத்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் ஐலண்டர்ஸ் அவரிடம் பெரிதாக எதையும் காணவில்லை. 2001இல் அலெக்ஸி யாஷின் என்ற நட்சத்திரத்தை வாங்குவதற்காக ஒட்டாவா அணிக்கு அவரைத் தூக்கிக் கொடுத்தது. கூடவே அந்த ஆண்டின் இரண்டாவது தேர்வு உரிமையையும் கொடுத்தது. அந்த உரிமையில் ஒட்டாவாவுக்குக் கிடைத்தவர் ஜேசன் ஸ்பெட்ஸா. ஐலண்டர்ஸ் ரசிகர்கள் இன்றும் நினைத்து வயிறெரியும் வியாபாரம் அது.

இந்த மெதுவான தொடக்கம் பின்னாளில் அவருக்கு முதலாகிவிட்டது என்பது என் எண்ணம். இருபது வயதில் கால் வேகத்தால் தப்பித்துக்கொண்டவர்களுக்கு, அது போகும்போது கையில் வேறொன்றும் இருப்பதில்லை. சாரா ஆரம்பத்திலிருந்தே கோணத்தையும் நீளத்தையும் வைத்துத்தான் பிழைத்தார். லீக்கின் விதிப்படி மட்டையின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மிக உயரமானவர்களுக்கு மட்டும் 65 அங்குலம்வரை சலுகை உண்டு. அந்த மட்டையை நீளமான கையில் பிடித்துப் பனியில் கிடத்திவைத்தால், அவரைச் சுற்றிப் போக நினைப்பவன் ஒரு முழு வீதியைச் சுற்றவேண்டியிருக்கும். நாற்பது வயதில் கை குட்டையாகிவிடாது. (பனியைக் கிழிக்கும் அவருடைய அடியும் அப்படித்தான் நெடுநாள் தாக்குப்பிடித்தது. 2012 ஆல்-ஸ்டார் போட்டியில் மணிக்கு 108.8 மைல் வேகம் பதிவானது. அப்போது அவருக்கு வயது 34.)

இப்போது 2006ஆம் ஆண்டு கோடைக்கு வருவோம். அங்கேதான் இந்தக் கதையின் மிகச் சுவையான முடிச்சு இருக்கிறது.

ஒட்டாவா அணியில் அப்போது இரண்டு பெரிய தடுப்பாட்டக்காரர்கள். ஒருவர் சாரா. மற்றவர் வேட் ரெடன். இருவரும் 1977இல் பிறந்தவர்கள், ரெடன் மூன்று மாதம் இளையவர். ஆனால் ஜாதகம் வேறு. ரெடன் 1995 தேர்வில் இரண்டாவது ஆள். வழுக்கிக்கொண்டு போகும் சறுக்கு, அழகாகப் பக்கைக் கடத்தும் கை, கனடாக்காரர் என்று எல்லாமே பொருந்தியிருந்தது. 2004-05 சீசன் முழுவதையும் முடக்கிய தொழில் தகராறுக்குப் பிறகு லீக்கில் ஊதிய வரம்பு வந்திருந்தது. ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற கட்டு. முதல் ஆண்டில் அந்தத் தொகை 3 கோடியே 90 லட்சம் டாலர். அதற்குள் இருவரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒட்டாவா ரெடனை வைத்துக்கொண்டது. சாரா ஐந்தாண்டுகளுக்கு 3 கோடியே 75 லட்சம் டாலர் என்று பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்குப் போனார். போனதும் கேப்டன் ஆக்கினார்கள்.

உடனடிக் கணக்கில் ஒட்டாவா செய்தது சரியாகவே தெரிந்தது. அடுத்த ஆண்டே, ரெடனோடு, அது இறுதித் தொடர்வரை போனது. பாஸ்டன் ப்ளே-ஆஃப் சுற்றுக்கே தகுதிபெறவில்லை. பின்னால்தான் சக்கரம் சுழன்றது. 2008இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ரெடனுக்கு ஆறாண்டுகளுக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு முழு அணிக்கு 2005இல் விதித்த வரம்புத் தொகை அது. இரண்டே சீசனில் அவருடைய ஆட்டம் இறங்கிப்போக, 2010இல் அவரைக் கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்துமூன்று வயதில் அவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு சின்ன ஊர் அரங்கங்களில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். 2013 வசந்தத்தில் அவர் கடைசியாக வந்து சேர்ந்த இடம் பாஸ்டன். பழைய கூட்டாளி கேப்டனாக இருக்கும் அணியில் லீக் ஆட்டம் ஆறு, ப்ளே-ஆஃபில் சில. அத்தோடு முடிந்தது.

ரெடன் என்ஹெச்எல்லில் ஆடிய மொத்த ஆட்டங்கள் 1,023. நல்ல எண்ணிக்கை, ஆயிரத்தைத் தாண்டுவது எளிதல்ல. சாரா பாஸ்டனுக்காக மட்டும் ஆடிய லீக் ஆட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். அதுவும் 1,023. ஒருவருடைய முழு வாழ்வும் இன்னொருவருடைய நடுப்பகுதியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் 2006இல் யார் அதிக நாள் தாங்குவார் என்று பந்தயம் கட்டியிருந்தால், பலர் பணத்தை இழந்திருப்பார்கள்.

ரெடனிடம் என்ன குறைந்தது? சோம்பல் என்று ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் ஏசினார்கள், அது நியாயமில்லை. ஆட்டம்தான் மாறிவிட்டது. 2005இல் ஊதிய வரம்போடு புதிய விதிகளும் வந்தன. மட்டையால் கொக்கிபோட்டு இழுப்பது, கையால் பிடித்து நிறுத்துவது என்று அதுவரை நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் தண்டிக்கத் தொடங்கினார்கள். நடுக்கோட்டைத் தாண்டிய நீளமான பாஸும் அனுமதிக்கப்பட்டது. ஆட்டம் தெறித்து ஓடியது. பிடித்து நிறுத்தும் வழி அடைபட்டதும், நின்ற இடத்திலிருந்தே எட்டித் தடுக்கக்கூடியவர்களின் மதிப்பு ஏறியது. சாராவின் கை அதற்கென்றே அளந்து வைத்ததுபோல் இருந்தது.

பாஸ்டனில் அவருடைய உச்சத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. முதல் சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 28 நிமிடத்தை ஒட்டித் தளத்தில் இருந்தார். 2009இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது. 2011 ஜூன் 15 அன்று வான்கூவரில் ஏழாவது ஆட்டத்தை 4-0 என்று வென்று, 39 ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டனுக்கு ஸ்டான்லி கோப்பை. ஐரோப்பாவில் பிறந்து அங்கேயே பயின்று, கேப்டனாக அந்தக் கோப்பையைத் தூக்கியவர்களில் அவர் இரண்டாமவர். முதலாமவர் சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். அதே 2011 மார்ச்சில் மான்ட்ரியல் வீரர் மாக்ஸ் பேச்சரெட்டியைப் பெஞ்சுகளுக்கு நடுவேயிருந்த கண்ணாடித் தூணில் மோதவைத்து அவருடைய கழுத்தெலும்பு முறியக் காரணமானதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. லீக் அவரைத் தடை செய்யவில்லை. மான்ட்ரியல் போலீஸ் விசாரித்தது, வழக்குப் போடவில்லை. அந்த நகரம் அதை மறக்கவும் இல்லை.

என்னை அதிகம் ஈர்ப்பது இதற்குப் பிந்தைய காலம். 2014 அக்டோபரில் இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது. 19 ஆட்டங்களைத் தவறவிட்டார். திரும்பி வந்தபோது அந்தத் திரும்புதல், முன்பு சொன்னேனே, அது கனத்துப்போயிருந்தது. அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் பாஸ்டன் ப்ளே-ஆஃபுக்கு வெளியே. முப்பத்தொன்பது வயது கேப்டனை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு வெளிப்படையாகவே நடந்தது. 2010இல் அவரோடு ஏழாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அது அவருடைய நாற்பத்தொன்றாவது வயதுவரை நீளும். அந்தக் கடைசி ஆண்டுகள் அணியின் கழுத்தில் கல்லாகத் தொங்கும் என்று கையெழுத்தானபோதே சிலர் சொன்னார்கள்.

அப்போது அவர் செய்தது வீரக் கதையாகச் சொல்லத் தக்கதல்ல, அவ்வளவு சாதாரணம். ஆள்கூடுதல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எதிரணி ஆள் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடங்களில்தான் தடுப்பாட்டக்காரர் கோல் கணக்கைப் பெருக்கிக்கொள்ள முடியும். சம்பளப் பேச்சுவார்த்தையில் எண்ணாகக் காட்டக்கூடிய சரக்கு அது. 2008-09இல் 19 கோல் அடித்தவர் அதை இளையவர்களிடம் கொடுத்துவிட்டு, நேரெதிரான வேலையை வைத்துக்கொண்டார். தன் அணி ஒரு ஆள் குறைந்து நிற்கும்போது கோல் முகத்தில் நின்று பக்கை உடம்பால் வாங்கும் வேலை. காயம்தான் மிச்சம், கைதட்டல் குறைவு. ஆனால் அங்கே ஓட்டம் குறைவு, கோணமும் நீளமும் அதிகம்.

2017 ஏப்ரலில் சார்லி மெக்கவாய் என்ற பத்தொன்பது வயதுப் பையன் ப்ளே-ஆஃபில் அறிமுகமாகி, பிறகு சாராவின் ஜோடியானான். சாரா தன் முதல் என்ஹெச்எல் ஆட்டத்தை ஆடிய அடுத்த மாதம், 1997 டிசம்பரில் பிறந்தவன் அவன். அதுவும் ஐலண்டர்ஸ் அணியின் பேட்டையான லாங் ஐலண்டில். பையன் பக்கை எடுத்துக்கொண்டு ஓடுவான். பெரியவர் பின்னால் நின்று வீட்டைப் பார்த்துக்கொள்வார். மூலைக்குப் போய் பக்கைத் திருப்பி எடுக்கும் வேலையில் பெரும்பகுதியைப் பையனின் கால்கள் ஏற்றுக்கொண்டன. இந்த ஏற்பாடு வெளியிலிருந்து பார்த்தால் குருகுலம்போல் தெரியும். உள்ளே அது ஒரு கொடுக்கல் வாங்கல். பையனுக்குத் தைரியம், பெரியவருக்கு ஆயுள்.

இனி பணம். இந்த விளையாட்டில் ஓய்வு பற்றிய கேள்வியை முதலில் கேட்பது முழங்கால் அல்ல, கணக்குப்பிள்ளை. ஒரு வீரர் 35 வயதான பிறகு பலவருட ஒப்பந்தம் போட்டால், அவர் பாதியில் ஓய்வுபெற்றுப் போனாலும் அந்தத் தொகை அணியின் வரம்பில் கணக்காகிக்கொண்டே இருக்கும் என்று ஒரு விதி இருந்தது. அதனால் முதியவர்களுக்கு நீண்ட வாக்குறுதி கொடுக்க அணிகள் தயங்கின. ஓராண்டு, அது முடிந்தால் இன்னோராண்டு. சாராவின் ஏழாண்டு ஒப்பந்தம் அந்த வயதுக் கோட்டுக்குச் சற்று முன்பே தொடங்கியிருந்ததால் தப்பித்தது. அதன் கடைசி நாள்வரை ஆடி முடித்தார். பிறகு படிகள் இறங்கின. 2018-19க்கு 50 லட்சம் டாலர். 2019-20க்கு 20 லட்சம், ஊக்கத்தொகை தனி. ஒவ்வொரு வசந்தத்திலும் அதே கேள்வி, அவரிடமிருந்து அதே பதில்: ஆடவே விரும்புகிறேன்.

2020 டிசம்பரில் பாஸ்டன் வேறு பதிலைச் சொன்னது. இளையவர்களுக்கு வழிவிட வேண்டும், உமக்கு நிலையான இடமில்லை, தேவைப்படும்போது இறங்கும் ஆளாக இரும் என்பதுதான் அதன் சாரம். பதினான்கு சீசன் கேப்டனாக இருந்தவரிடம் சொல்வதற்குக் கசப்பான வார்த்தை. ஆனாலும் அணியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளையவனுக்கு நிமிடங்களைக் கொடுக்காமல் அவன் எப்படி முதிர்வான்? சாராவும் சண்டை போடவில்லை. இத்தனை காலம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர் ஒன்றை மட்டும் விடவில்லை. ஆட்டத்தை விட மாட்டேன், ஊரை விடுகிறேன் என்று முடிவெடுத்தார். டிசம்பர் 30 அன்று 7,95,000 டாலர் அடிப்படைச் சம்பளத்துக்கு வாஷிங்டன் அணியில் சேர்ந்தார். அந்தச் சுருக்கப்பட்ட 56 ஆட்டச் சீசனில் 55 ஆட்டங்கள் ஆடினார்.

2021 மார்ச் தொடக்கத்தில் வேற்று அணிச் சீருடையில் டிடி கார்டனுக்கு வந்தார். கொரோனாக் கட்டுப்பாடு அப்போது தளரவில்லை, ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன் எழுந்து நின்ற அதே இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பலகையில் பக் மோதும் சத்தம் மட்டும் கூரைவரை போய் வந்துகொண்டிருந்தது.

அடுத்த கோடையில் ஐலண்டர்ஸ் அழைத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவரைத் தூக்கிக் கொடுத்த அதே அணி. சம்பளம் 7,50,000 டாலர், அந்த ஆண்டில் லீக்கின் குறைந்தபட்சத் தொகை. 2006இல் பாஸ்டன் கொடுத்தது ஆண்டுக்கு 75 லட்சம். சரியாகப் பத்தில் ஒரு பங்கு. 44 வயதில், இளம் அறிமுக வீரர்கள் வாங்கும் சம்பளத்துக்கு, 82 ஆட்டங்களில் 72இல் ஆடினார். சராசரி பதினெட்டு நிமிடச் சொச்சம். 2022 பிப்ரவரி 24 அன்று சான் ஹோசேயில் 1,652ஆவது ஆட்டம் ஆடியபோது, தடுப்பாட்டக்காரர்களில் அதிக ஆட்டம் ஆடியவர் என்ற கிறிஸ் செலியோஸின் சாதனை முறிந்தது.

செலியோஸின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிகாகோவில் பிறந்த கிரேக்க வம்சாவளிக்காரரான அவர் நீராவிக் குளியலறைக்குள் சைக்கிளை வைத்து மிதித்ததற்குப் பேர்போனவர். நாற்பது வயதில், 2001-02இல், டெட்ராய்ட் அணிக்காக ஆடி, தான் தளத்தில் இருக்கும்போது தன் அணி போடும் கோலுக்கும் வாங்கும் கோலுக்குமான வித்தியாசத்தில் லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அவரும் விட மாட்டேன் என்றவர். 2009-10இல் பெரும்பகுதியைச் சிகாகோவின் கீழ் லீக் அணியில் ஆடிவிட்டு, அட்லாண்டாவுக்காக ஏழே ஏழு ஆட்டம் ஆடினார். அப்போது வயது 48. அதே டெட்ராய்ட்டில் அவரோடு ஆடிய லிட்ஸ்ட்ரோம் இதற்கு முற்றிலும் மாறானவர். 41 வயதில் ஏழாவது நாரிஸ் விருதை வாங்கினார். அடுத்த ஆண்டு, 2012 மே 31 அன்று, இந்தத் தரத்தில் ஆடுவதற்கான உந்துதல் தன்னிடம் இல்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டார். 1,564 ஆட்டங்களும் ஒரே அணிக்கு. அவர் கேட்டிருந்தால் டெட்ராய்ட் இன்னும் இரண்டாண்டு கொடுத்திருக்கும்.

லிட்ஸ்ட்ரோம் போனதைத்தான் எல்லோரும் உதாரணமாகக் காட்டுகிறார்கள். உச்சியில் இருக்கும்போதே இறங்குவது கௌரவம் என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உச்சியில் இருந்து இறங்க முடிவது உச்சியில் இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி. பதினெட்டு நிமிடம் ஆடிக்கொண்டு, ஆள்குறைவு நேரத்தில் பக்கை உடம்பில் வாங்கிக்கொண்டு, அதிலும் சந்தோஷம் காண்பவரை ஏன் அவமானப்பட்டவராகப் பார்க்க வேண்டும்? தன் பழைய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போன மனிதர் அங்கே நிம்மதியாக இருந்தால், பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம்.

இதே கேள்வி 2025இல் பிரெண்ட் பர்ன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரரின் வாசலிலும் வந்து நின்றது. 1985இல் பிறந்த அவர் அந்தக் கோடையில் கொலராடோ அணியோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். தாடியில் பாதி நரைத்திருந்தது. 2013ஆம் ஆண்டிலிருந்து அதுவரை ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் வந்தவர். அவருக்கும் அதே ஓராண்டு, அதே இறங்கும் படி.

சாரா 2022 செப்டம்பர் 20 அன்று பாஸ்டன் அணியோடு ஒருநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஓய்வுபெற்றார். அப்படியொரு வழக்கம் அங்கே உண்டு, புரூயின்ஸ் வீரராகவே போனேன் என்று சொல்லிக்கொள்வதற்காக. 209 கோல், பிறர் கோலுக்குக் கைகொடுத்த 471 உதவிகள், 1,680 ஆட்டங்கள். 2025இல் ஹாக்கிப் புகழரங்கில் இடம் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஏழாவது மாதம், 2023 ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தானில் ஓட வந்தார். முக்கால் நிமிடம் ஓடிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பழகிய கால்கள். 42 கிலோமீட்டரை 3 மணி 38 நிமிடம் 23 நொடியில் ஓடி முடித்தார்.